தாங்க லந் தனவே

எம்.இ. மூன்றாவது செமஸ்டரில் இரண்டு வகுப்புகளுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். ஒன்று எங்கள் துறையிலேயே நடந்தது, கணினிக்கு மனித மொழியைப் பழக்கும் பாடம். இன்னொன்று தமிழ்த்துறையில் ஆய்வு மாணவர்களுக்கான சங்க இலக்கிய வகுப்பு. இரண்டாவதற்கு எனக்கு கிரெடிட் கிடையாது. "வேறு புலப் பாடம், பட்டியலில் இல்லை" என்று விண்ணப்பம் மூன்று தடவை திரும்பி வந்தது. நாலாவது தடவை நான் கொடுக்கவே இல்லை. நேரே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

ஐயா முதல் நாள் ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி எந்தத் துறை?"

சொன்னேன்.

"கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு நான் யாரையும் கூப்பிடலையே" என்றார். வகுப்பே சிரித்தது. ஆனால் போகச் சொல்லவில்லை.

நான் ஏன் அங்கே போனேன் என்பதற்குக் காரணம் எங்கள் துறையில்தான் இருக்கிறது. ஒரு நாள் மேம் போர்டில் லெவன்ஷ்டீன் தொலைவு நடத்தினார். ரஷ்யக் கணித அறிஞர் ஒருவர் 1965இல் சொன்னது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை வேலை தேவை என்று எண்ணுவது. வேலை மூன்றே வகை: ஓர் எழுத்தைச் சேர்ப்பது, ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது, ஒன்றை நீக்குவது. எழுதிக்கொண்டே வந்தவன் பேனாவை வைத்துவிட்டேன். பிளஸ் டூவில் மனப்பாடம் செய்தது அப்படியே வாயில் வந்தது: தோன்றல், திரிதல், கெடுதல். புணர்ச்சியில், அதாவது இரண்டு சொல் சேரும்போது, நடக்கும் விகாரம் இந்த மூன்றுதான் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் எழுதி எழுநூறு எண்ணூறு வருஷம் ஆகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். அவர் எண்ணிக்கை போடவில்லை, இவருக்குப் புணர்ச்சியைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் ப்ராஜெக்ட் என்ன செய்வது என்பது அந்த நிமிஷம் முடிவாகிவிட்டது. குறுந்தொகையின் 401 பாட்டையும் சொல் பிரித்துத் தருகிற ஒரு நிரல்.

"டேட்டா இவ்வளவுதானாப்பா?" என்று மேம் கேட்டார். நியாயமான கேள்வி. பெரும்பாலும் நாலு முதல் எட்டு அடிக்குள் முடிகிற பாட்டுகள். மொத்தமும் சேர்ந்தால் ஒரு சின்ன ஃபைல். கோடிக்கணக்கான வாக்கியங்களைத் தின்று வளர்கிற மாடல்களுக்கு இது கொறிக்கக்கூடக் காணாது. அதனால் பழைய வழி: ஓர் அகராதி, கொஞ்சம் விதிகள்.

முதல் மாதம் எழுத்தோடு மல்லுக்கட்டியே போனது. பைதானிடம் 'தமிழ்' என்று கொடுத்து நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். இகரக் கொக்கியும் மேலே இருக்கும் புள்ளியும் அதற்குத் தனித்தனி ஆள். ஐயாவிடம் இதைச் சொன்னபோது, "மூணு எழுத்தை எண்ணத் தெரியாததுக்கா இத்தனை கரண்ட் செலவு?" என்றார். அப்புறம் ஒரு நாள் புலவர் வாரியாகப் பாட்டு எண்ணச் சொன்னேன். ஔவையாருக்கு ஒன்றுமே இல்லை என்று வந்தது. புறநானூற்றில் மட்டும் 33 பாட்டு பாடியவர்! போய்ப் பார்த்தால், தட்டச்சு செய்தவர் ஔ போடாமல் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்திருக்கிறார். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கு அது வேறு யாரோ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நிரல் முதன்முதலாக ஓடிய இரவு, எல்லாருக்கும் தெரிந்த நாற்பதாம் பாட்டைத்தான் கொடுத்தேன். 'செம்புலப் பெயனீர் போல அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே.' வந்தது இது:

தாங்க | லந் | தனவே

'தாங்க' அகராதியில் இருந்தது. 'தனவே' என்பதைத் 'தன' கூட்டல் 'ஏ' என்று எடுத்துக்கொண்டது. நடுவில் மிஞ்சிய 'லந்' ஏதோ பெயர்ச்சொல்லாக இருக்கும் என்று ஊகித்திருக்கிறது. நெஞ்சம் எதையோ தாங்குகிறது, லந் என்று ஓர் ஆள், அவனுக்குச் சொந்தமானது ஏதோ. காதலித்தவர்கள் கலக்கவே இல்லை.

மறுநாள் பிரிண்ட்அவுட்டை ஐயாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை மூக்குக்குக் கிட்டே வைத்துப் படித்தார். "சீர் முடியற இடத்துல சொல்லும் முடிஞ்சுதுன்னு உன் மெஷின் நெனைக்குது தம்பி. சீர் ஓசைக்கு. சொல்லு வேற." அப்புறம், "லகரம் மொழிக்கு முதல்ல வருமா? லட்டு, லாரியெல்லாம் அப்ப ஏது?"

இரண்டே விஷயம். நான் இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த திருத்தம் அதுதான். இடைவெளிகளை மொத்தமாக எடுத்துவிட்டேன். தொல்காப்பியத்தின் மொழிமரபில், எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரலாம் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அதை அப்படியே விதியாக எழுதினேன். ல, ர, ன வராது. யகரம் ஆகாரத்தோடு மட்டும். ஒரு விதி சேர்ந்ததும் ஆயிரக்கணக்கான தப்பான வெட்டுகள் பிறக்கும் முன்பே செத்தன. 'தாம் + கலந்தன + ஏ' வந்துவிட்டது. 'பெயனீர்' கொஞ்சம் படுத்தியது. பெயல், நீர் இரண்டும் சேரும்போது நகரம் னகரமாகத் திரிகிறது, லகரம் கெடுகிறது. சேர்க்கும்போது ஒரே வழி, பிரிக்கும்போது பல வழி. 'பெயன்' என்று ஒரு சொல் இருந்தால் அதுவும் நீரோடு சேர்ந்து பெயனீர்தான் ஆகும். எது சரி என்று விதி சொல்லாது, அகராதிதான் சொல்லவேண்டும்.

இதைக் கணினித் துறைக்காரர்கள் புதுத் தலைவலி மாதிரிப் பேசுவார்கள். ஐயா ஒரு வகுப்பு முழுக்க ஏட்டைப் பற்றிப் பேசினார். ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள், சொல்லுக்குச் சொல் இடம் விட மாட்டார்கள், எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஏரியா எரியா, நீரா நெருப்பா என்பதைப் படிக்கிறவர்தான் முடிவு செய்யவேண்டும். குறுந்தொகையை 1937இல் பதிப்பித்த உ.வே.சா. அடிக்கு அடி செய்ததும் இந்த வேலைதான். அவருக்கு அகராதி தலைக்குள் இருந்தது.

குறுந்தொகையில் தேறிய நிரலைப் புறநானூற்றில் ஓட்டிப் பார் என்று மேம் சொன்னார். ஓட்டினேன். 312இல், பொன்முடியார் பாட்டில் மாட்டிக்கொண்டது. 'ஒளிறுவாள் அருஞ்சமம் முருக்கி.' அருஞ்சமத்தைப் பிரிக்கவே முடியாமல் முழுசாக விட்டுவிட்டது. காரணம் என் விதி. சகரம் அ, ஐ, ஔ ஆகிய மூன்றோடு சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது என்கிறது தொல்காப்பியம். அப்படியானால் போரைக் குறிக்கும் 'சமம்' என்று சொல்லே இருக்கக் கூடாது. இருக்கிறது. பள்ளிக்கூடத்திலேயே படித்த பாட்டு.

ஓட்டமாகத் தமிழ்த்துறைக்குப் போனேன். ஐயா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார். "அந்த நூற்பாவையே ரெண்டு விதமாப் படிப்பாங்க தம்பி. 'அ ஐ ஔ எனும் மூன்று அலங்கடையே'ன்னு ஒரு பாடம். 'அவை ஔ என்னும் ஒன்று அலங்கடையே'ன்னு இன்னொண்ணு. அலங்கடைன்னா அல்லாத இடத்துலன்னு அர்த்தம். அ, ஐ ரெண்டு எழுத்தா, அவைங்கிற ஒரு சொல்லா? அதுதான் தகராறு."

எனக்குப் பேச்சே வரவில்லை. சொல்லை எங்கே வெட்டுவது என்று சொல்கிற விதி; அதையே எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை.

நிரலில் அந்த இடத்தில் ஒரு சுவிட்ச் வைத்தேன். மூன்று என்று வைத்தால் சமம் காணாமல் போகும். ஒன்று என்று வைத்தால் சமம் வரும், கூடவே சகரத்தில் தொடங்கும் குப்பையும் கொஞ்சம் வரும். வைவா அன்று ஒன்றில் வைத்திருந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த வரியில் விரலை வைத்து, "இது ஏன் ரெண்டு ஆப்ஷன்?" என்றார்.

"பாடபேதம் சார்" என்றேன்.

அவர் மேமைப் பார்த்தார். மேம் என்னைப் பார்த்தார்.