திட்டத்தில் ஆட்களுக்கு ஒரே ஒரு வரி

மூன்றாண்டுத் திட்டம் தயாராகும்போது விற்பனை இலக்கு, முதலீடு, இயந்திரம், இடம் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக அலசுவார்கள். ஆட்களுக்கு ஒரே ஒரு வரிதான்: ஹெட்கவுண்ட், அதாவது ஆட்களின் எண்ணிக்கை, அதற்கு நேரே நிதித்துறை போட்ட ஓர் எண். கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு அந்த எண் மனிதவளத் துறையான எச்.ஆருக்கு மெயிலில் வரும், இத்தனை பேர், இந்தத் தேதிக்குள் என்று. என் பணிக்காலத்தில் பெரும்பகுதி அந்த மெயிலுக்குப் பதில் சொல்வதிலேயே போனது.

ஒருமுறை இரண்டாவது யூனிட் திறப்பதாக முடிவானது. இயந்திரம் வந்திறங்கும் தேதிவரை எல்லாம் துல்லியம். அங்கே ஷிப்ட் சூப்பர்வைசர்களாகப் போகவேண்டியவர்கள் பழைய யூனிட்டில் இருந்தவர்கள். அவர்கள் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஓய்வுபெறும் ஆண்டு, செய்யத் தெரிந்த வேலைகள், அவர் இடத்தில் நிற்கக்கூடியவர் என்று கட்டம் போட்டேன். கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருந்தது. மூத்தவர்களில் பலர் அந்த மூன்றாண்டுக்குள்ளேயே ஓய்வுபெறுகிறவர்கள். உற்பத்தித் தலைவர் தாளை வாங்கி விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். முதல் கட்டமாக ஒரு ஷிப்ட் மட்டும் ஓட்டலாம் என்று அவரே சொன்னார். இயந்திரத்தை ஆர்டர் கொடுத்து வாங்கிவிடலாம். சத்தத்தை வைத்தே பழுதைக் கண்டுபிடிக்கிற ஆளை அப்படி வாங்க முடியாது.

கால அளவும் அப்படித்தான். ஏப்ரலில் ஒரு பணியிடத்துக்கு ஒப்புதல் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆள் தேடி, நேர்காணல் முடித்து, ஆஃபர் கொடுப்பதற்குள் ஜூன் ஆகிவிடும். அவருக்கு 90 நாள் நோட்டீஸ் என்றால் செப்டம்பர். வேலை பிடிபட இன்னும் சில மாதம். ஆனால் பட்ஜெட்டில் அவர் மே மாதத்திலிருந்தே உழைத்துக்கொண்டிருப்பார்.

ஒரு நிறுவனத்தின் செயல்பாட்டைப் பல கோணங்களில் அளக்க, 1992இல் காப்லானும் நார்ட்டனும் கொண்டுவந்த சமநிலை மதிப்பெண் அட்டையில் (Balanced Scorecard) நிதி, வாடிக்கையாளர், உள்செயல்முறை ஆகியவற்றோடு 'கற்றலும் வளர்ச்சியும்' என்ற நான்காவது பார்வையும் உண்டு. நடைமுறையில் அந்தக் கட்டத்தைப் பயிற்சி மணிநேரத்தால் நிரப்பிவிடுகிறோம். இது எனக்கு ஒப்புதல் இல்லை. திட்டம் கேட்கும் திறமை இன்று நம்மிடம் இருக்கிறதா என்பதற்கு மணிக்கணக்கில் பதில் கிடைக்காது. வேலையை விட்டுப் போகிறவர்களிடம் காரணம் கேட்டுப் பதிவுசெய்யும் எக்ஸிட் இன்டர்வியூ ஃபைலில் கிடைக்கலாம். ஒரே துறையிலிருந்து ஒரே காரணத்தைச் சொல்லி ஆட்கள் போய்க்கொண்டிருந்தால், அந்தத் துறையை நம்பிப் போட்ட இலக்கைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

எச்.ஆர். பக்கமும் கடமை இருக்கிறது. மனிதவளத் துறை வியூகப் பங்காளியாகவும், அதாவது திட்டம் வகுப்பதில் பங்கெடுப்பதாகவும் இருக்கவேண்டும் என்று மேலாண்மை அறிஞர் டேவ் உல்ரிச் 1997இலேயே எழுதினார். லாப நட்டக் கணக்கைப் படிக்கத் தெரியாமல், எந்தப் பொருள் பணம் ஈட்டுகிறது என்று அறியாமல் திட்டம் போடும் மேசையில் போய் உட்கார்ந்து பயனில்லை.

ஆட்குறைப்பு என்றால் எங்களை இன்னும் தாமதமாகத்தான் கூப்பிடுகிறார்கள். மிச்சமாகும் சம்பளத்தைக் கூட்டியாயிற்று, அறிவிப்புக் கடிதம் மட்டும் தயாரித்துக் கொடுங்கள் என்பார்கள். அறிவிப்பு வந்ததும் முதலில் கிளம்புகிறவர்கள், வெளியே உடனே வேலை கிடைக்கக்கூடியவர்கள். மீதி வேலையை யாரை நம்பி வைத்திருந்தோமோ அவர்களேதான். அவர்களோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேச, எங்களுக்குச் சில வாரங்களாவது முன்னால் விஷயம் தெரிந்திருக்கவேண்டும்.