ஹல் நகரத்து ரக்பி வாத்தியார்

அபெர்கவென்னியில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்தால், கிளைடாக் பள்ளத்தாக்கை ஒட்டியே சாலை மேலேறுகிறது. ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை, இன்னொரு பக்கம் கிடுகிடு பள்ளம். மேலே ஏறி முடித்தால் பிரின்மவுர். வேல்ஸிலேயே உயரமான இடத்தில் இருக்கிற ஊர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நான் இறங்கியபோது அடித்த காற்றில் அதை மறுத்துப் பேசத் தோன்றவில்லை. இரும்பும் நிலக்கரியும் வளர்த்த ஊர். இரண்டும் போய் நாளாகிவிட்டது.

சுற்றுலாப் பயணிகள் தேடி வருகிற இடமில்லை இது. நான் வந்தது ஒரு சிலைக்காக. 2023 அக்டோபரில் இங்கே ராய் பிரான்சிஸ் என்ற கறுப்பின ரக்பிக்காரருக்குச் சிலை வைத்தார்கள். அவர் இறந்தது 1989-ல். சொந்த ஊர்க்காரரை நினைத்துக்கொள்ள இத்தனை வருஷமா என்று கேட்டால், அதற்குப் பதில் ரக்பியின் பழைய பங்காளிச் சண்டையில் இருக்கிறது.

1895-ல் வடக்கு இங்கிலாந்தின் கிளப்புகள், ஆட்டத்துக்காக வேலையை விட்டு வருகிற தொழிலாளிக்கு அந்த நாள் கூலியையாவது கொடுக்க வேண்டும் என்று கேட்டன. தெற்கில் இருந்த கனவான்கள் முடியாது என்றார்கள். பிரிந்துபோனவர்களின் ஆட்டம்தான் பின்னாளில் ரக்பி லீக் ஆனது: அணிக்கு 13 பேர், ஆடினால் காசு. காசு வாங்காமல் ஆடுகிற பழைய ஆட்டத்துக்கு ரக்பி யூனியன் என்று பெயர்; வேல்ஸ் முழுக்க அதன் கோட்டை. அங்கிருந்து லீக்குக்குப் போனவர்களுக்கு யூனியனில் ஆயுள் தடை, ஊரில் துரோகிப் பட்டம். கறுப்பின ஆட்டக்காரர்களுக்கோ வேறு வழியே இல்லை. வேல்ஸ் யூனியன் அணியில் ஒரு கறுப்பர் ஆடியது 1983-ல்தான்.

பிரான்சிஸ் 1919-ல் கார்டிஃபில் பிறந்தவர். குழந்தையிலேயே பிரின்மவுரில் ஒரு குடும்பம் எடுத்து வளர்த்தது. உள்ளூர் யூனியன் அணியில் ஆடிக்கொண்டிருந்தவரை 1936-ல் வடக்கு இங்கிலாந்தின் விகன் லீக் கிளப் ஒப்பந்தம் செய்தபோது வயது 17. மைதானத்தின் ஓரத்தில் ஆடுகிற விங்கர், ஓட்டக்காரர். 1938-ல் ஹாரி சண்டர்லேண்ட் என்ற ஆஸ்திரேலியர் விகனுக்கு மேனேஜராக வந்தார். அடுத்த ஜனவரியில் பிரான்சிஸ் பேரோ கிளப்புக்கு விற்கப்பட்டார். அந்த சண்டர்லேண்ட் பெயரில்தான் 2023 வரை, ரக்பி லீக்கின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக் இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கோப்பை கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுப் போனார்கள்.

போர் முடிந்து 1946-ல் ஆஸ்திரேலியா கிளம்பிய பிரிட்டிஷ் அணியிலும் அவருக்கு இடமில்லை. அந்த நாட்டின் நிறக்கொள்கைக்குச் சங்கடம் வேண்டாம் என்றே விட்டுவிட்டார்கள் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டு நியூசிலாந்துக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட் கிடைத்தது. அதில் இரண்டு டிரை போட்டார் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவதுதான் டிரை). அதற்கப்புறமும் கூப்பிடவில்லை.

சிலையருகே கொஞ்ச நேரம் நின்றேன். பள்ளிக்கூடப் பையன்கள் இருவர் பீடத்தில் சாய்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். யார் இது என்று சும்மா கேட்டேன். "ரக்பி கோச்" என்றான் ஒருவன், யோசிக்காமல். ஆட்டக்காரர் என்று சொல்லவில்லை பாருங்கள். அது சரிதான். அவர் வாழ்க்கையின் பெரிய பகுதி அதுதான், அதற்கு ஹல்லுக்குப் போக வேண்டும்.

ஹல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஹம்பர் முகத்துவாரத்தில் இருக்கிற துறைமுகம். ஒரு காலத்தில் மேற்குப் பக்கத்து ஹெசில் ரோடு முழுக்க மீன்பிடிக் குடும்பங்கள். அவர்களுடைய ரக்பி லீக் அணிதான் கறுப்பு வெள்ளைச் சட்டை ஹல் எஃப்சி. அவர்கள் ஆடிய பூலவார்டு மைதானம் இப்போது இல்லை. ஏர்லி தெரு வழியாக நடந்துபோனால் அந்த இடத்தில் பள்ளிக்கூடம் நிற்கிறது. எதிரணி நடுங்குகிற அளவுக்குச் சத்தம் போடுவார்கள் என்று பேர் வாங்கிய 'மூணு பென்னி ஸ்டாண்டு' இங்கேதான் எங்கேயோ இருந்திருக்கிறது.

பசித்தது. பக்கத்துக் கடையில் 'பேட்டி' என்கிற உள்ளூர்ப் பலகாரம் வாங்கினேன். மசித்த உருளைக்கிழங்கில் சேஜ் இலை போட்டு, மாவில் தோய்த்துப் பொரித்தது. மசாலா போடத் தெரியாத வீட்டு போண்டா. மேலே மிளகாய்ச் சிவப்பில் ஒரு உப்புப்பொடி தூவித் தருகிறார்கள். அதுதான் காப்பாற்றியது.

வரிசையில் முன்னால் நின்ற பெரியவரிடம் பூலவார்டு பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவராம். பிரான்சிஸ் பெயரைச் சொன்னதும் கையிலிருந்த பொட்டலத்தை மறந்துவிட்டார். வாத்தியார் என்றால் அவர்தான் வாத்தியார் என்கிற தோரணையில் பேசினார்.

1949-ல் ஹல்லுக்கு வந்த பிரான்சிஸ் ஆடிக்கொண்டே பயிற்சியாளரும் ஆனார். பிரிட்டனில் தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளரான முதல் கறுப்பர் அவர்தான். மற்ற கிளப்புகளில் பயிற்சி என்றால் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வதுதான். ராணுவத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவரான இவர், ஆளுக்குத் தகுந்த பயிற்சி கொடுத்தார். குண்டான முன்வரிசை ஆட்களையும் குறுந்தூர வேக ஓட்டம் ஓட வைத்தார். ஆட்டத்தைப் படம் பிடித்துப் போட்டுக்காட்டித் தப்பைப் பேசினார். ஆட்டக்காரர்களின் மனைவி மக்கள் மைதானத்துக்கு வந்துபோக வண்டி ஏற்பாடு செய்தார். வீட்டில் நிம்மதி இல்லாதவன் ஆட்டத்தில் எப்படி மனசை வைப்பான்? இன்றைக்கு இதற்கெல்லாம் தனித்தனியாக ஆள் போட்டுச் சம்பளம் கொடுக்கிறார்கள். 1950-களில் ஒரே மனிதர்.

பலன் கிடைத்தது. 1956-ல் ஹாலிஃபாக்ஸை 10-9 என்று வென்று சாம்பியன், 1958-ல் மறுபடியும். 1961-ல் கார்டிஃபிலிருந்து ஒரு பையன் சோதனை ஆட்டத்துக்கு வந்தான். பெயரை வெளியிடாமல் 'வேறொருவர்' என்று மட்டும் போட்டு இறக்கினார்கள். பையன் மூன்று டிரை போட்டான். அவன்தான் கிளைவ் சல்லிவன், 1972-ல் பிரிட்டனுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த கேப்டன். ஹல்லுக்குள் நுழையும் நெடுஞ்சாலைக்கு இன்று அவர் பெயர். பிரான்சிஸைப் பார்த்திராவிட்டால் சல்லிவனுக்கு வழி இவ்வளவு சுலபமாகத் திறந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

1963-ல் பிரான்சிஸ் லீட்ஸ் அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். 1968 மே மாதம் வெம்ப்ளியில் சேலஞ்ச் கோப்பை இறுதி. கொட்டித் தீர்த்த மழையில் மைதானம் குளமாகிவிட்டது. பந்தைத் தொட்டவரெல்லாம் வழுக்கி விழுந்தார்கள். கடைசி நிமிஷத்தில் வேக்ஃபீல்டு ஒரு டிரை போட, லீட்ஸ் 11, வேக்ஃபீல்டு 10. டிரை போட்டால் கிடைக்கிற இரண்டு புள்ளி உதை பாக்கி, அதுவும் கோல் கம்பங்களுக்கு நேர் எதிரே. வேக்ஃபீல்டின் டான் ஃபாக்ஸ் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடியது. கால் வழுக்கி, பந்து வெளியே போனது. ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே கிடைத்தது இன்னும் கொடுமை. கோப்பை பிரான்சிஸுக்கு.

அப்புறம் சிட்னியில் நார்த் சிட்னி அணிக்கு இரண்டு சீசன். முன்பு தன்னை வரவிடாத அதே நாடு. அங்கே கசப்புதான் மிச்சம். திரும்பி வந்து 1975-ல் லீட்ஸுக்கு பிரீமியர்ஷிப் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு, பிராட்ஃபோர்டு நார்தன் கிளப்போடு முடித்துக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: சூப்பர் லீக் சீசன் பிப்ரவரியில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. ஹல்லிலிருந்து லீட்ஸுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஹல் எஃப்சியும் லீட்ஸும் மோதுகிற நாளாகப் பார்த்து, லீட்ஸின் மைதானமான ஹெடிங்லியில் தெற்கு ஸ்டாண்டில் டிக்கெட் எடுங்கள். பெரும்பாலும் நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும், மழைச்சட்டை அவசியம். பிரின்மவுருக்கு வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் கொண்டுபோங்கள்.