தாத்தா போடாத கையெழுத்து

போன மாதம் பாரீஸிலிருந்து பெரிய தாத்தாவின் பேரன் வந்திருந்தான். ஒரு சாயங்காலம் பட்டினப்பாக்கம் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அடையாறு கடலில் சேரும் இடம் வரைக்கும் மணலில் நடந்தோம். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, தண்ணீர் முழங்கால் அளவுதான் கிடந்தது. வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடந்தே அக்கரைக்குப் போய்விட்டார். அதைப் பார்த்துக்கொண்டே வந்தவன் திடீரென்று கேட்டான்:

"அக்கா, உங்க தாத்தா அன்னைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா நீங்களும் இப்ப அங்கதானே இருந்திருப்பீங்க?"

எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்விக்கு அறுபது வயது ஆகிறது. பொங்கலுக்குக் கூடினாலும் சரி, கருமாதிக்குக் கூடினாலும் சரி, யாராவது ஒருவர் இதை எடுக்காமல் இருக்கமாட்டார்கள்.

நாங்கள் வில்லியனூர்க்காரர்கள். புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்றே இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சைகோன் வரை போய்வந்தவர், எழுதிக் கொடுத்துவிட்டார். அவருடைய தம்பி, என் தாத்தா, நெல் மண்டியில் கணக்கு எழுதியவர். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே வீடு இரண்டு நாடாகிவிட்டது.

நான் அவனுக்கு உடனே பதில் சொல்லவில்லை. ஆற்றைக் காட்டினேன். "நடந்தது வேறு மாதிரி நடந்திருந்தால்னு யோசிக்கறதா இருந்தா, இங்கிருந்து ஆரம்பிக்கணும்டா" என்றேன்.

1746 செப்டம்பரில் லபூர்தொனே என்ற பிரெஞ்சுத் தளபதி மொரீஷியஸ் பக்கமிருந்து ஒரு கப்பற்படையோடு வந்து சென்னையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். கோட்டை சில நாள் குண்டுவீச்சுக்கே பணிந்துவிட்டது. 11 லட்சம் வராகன் கொடுத்தால் பட்டணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று அவர் ஆங்கிலேயரோடு பேசி முடித்தார். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளெக்ஸுக்கு இது பொறுக்கவில்லை. பிடித்ததை ஏன் விடவேண்டும்? இருவரும் கடிதத்திலேயே சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அக்டோபர் வந்தது.

அக்டோபர் என்றால் நமக்குத் தெரியும். அன்றைக்குச் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க, மசூலாப் படகுகள்தான் ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். ஒரே ராத்திரி அடித்த புயலில் லபூர்தொனேயின் கப்பல்களில் சில மூழ்கின, தப்பியவை பாய்மரம் முறிந்து கிடந்தன. படை சிதைந்த மனிதர் பட்டணத்தைத் துய்ப்ளெக்ஸின் ஆட்களிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டார். பணத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தம் குப்பைக்குப் போனது.

எனக்கு இந்தப் புயல்மேல் பெரிய கவனம் உண்டு. அது அடித்திருக்காவிட்டால், லபூர்தொனே பணத்தை எழுதி வாங்கிக்கொண்டு சென்னையை ஆங்கிலேயரிடமே கொடுத்துவிட்டுப் போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கானுக்குப் பிரெஞ்சுக்காரர்மேல் படையெடுக்கக் காரணமே இருந்திருக்காது. சென்னையைப் பிடித்து உங்களிடம் தருகிறேன் என்று துய்ப்ளெக்ஸ் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பட்டணம் கைக்கு வந்ததும் வாக்கு காற்றில் போயிற்று. நவாப் தன் மகன் மாபூஸ் கானைப் பெரும்படையோடு அனுப்பினார். பத்தாயிரம் பேர் என்று சொல்வார்கள். அந்தப் படை சாந்தோம் பக்கம், இந்த ஆற்றின் வடகரையில் நின்றது. தெற்கிலிருந்து பராதி என்ற தளபதி சில நூறு பிரெஞ்சு வீரர்களையும் எழுநூறு சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். பீரங்கி இல்லை. ஆற்றில் இறங்கி நடந்தே கடந்து, வரிசையாகச் சுட்டுக்கொண்டே முன்னேறினார்கள். நவாபின் படை சிதறி ஓடியது.

அந்தச் சண்டையில் பிரெஞ்சு, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிகள் இரண்டும் ஒன்றைக் கற்றுக்கொண்டன. பயிற்சி கொடுத்த ஆயிரம் பேர் இருந்தால் இந்த நாட்டில் ஒரு பெரிய படையை விரட்டிவிடலாம். அதற்குப் பிறகுதான் நவாபு யார், நிஜாம் யார் என்று முடிவு செய்யும் வேலையில் அவர்கள் துணிந்து இறங்கினார்கள். அந்தப் பாடத்தை வேறெங்காவது, வேறொரு வருஷம் கற்றிருக்கலாம்தான். பத்து வருஷம் தள்ளிப் போயிருந்தால்கூட எவ்வளவோ மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ராபர்ட் கிளைவ் அப்போது கோட்டையில் குமாஸ்தா, வயது 21. மாறுவேடம் போட்டுக் கடலூருக்குத் தப்பி ஓடினார், அப்புறம்தான் பட்டாளத்தில் சேர்ந்தார். அந்த ஓட்டத்துக்கே தேவை இருந்திருக்காது.

சரி, புயல் அடித்தது, சென்னை பிரெஞ்சுக்காரரிடம் போயிற்று. மூன்று வருஷம் அவர்களிடமே இருந்தது. திரும்பி வந்தது ஏன்? 1748இல் ஐரோப்பாவில் எக்ஸ்-லா-ஷப்பேல் என்ற ஊரில் சமாதான உடன்படிக்கை எழுதினார்கள். கனடாவில் லூயிபூர் என்று ஒரு கோட்டை. அதைச் சுற்றியுள்ள கடல் காட் மீனுக்குப் பேர்போனது. 1745இல் நியூ இங்கிலாந்துக் குடியேறிகள் பிரிட்டிஷ் கப்பற்படை உதவியோடு அதைப் பிடித்திருந்தார்கள். அதைப் பிரான்ஸுக்குத் திருப்பிக் கொடுத்து, சென்னையை வாங்கிக்கொண்டது இங்கிலாந்து. மீன்பிடிக் கரைக்குக் காவலாக இருந்த ஒரு கோட்டைக்கு மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் பக்கத்தில் இருக்கும் ஒரு பட்டணம் மாற்று!

அந்தக் குடியேறிகள் தோற்றிருந்தால்? மாற்றிக்கொள்ள இங்கிலாந்தின் கையில் ஒன்றும் இருந்திருக்காது. சென்னை துய்ப்ளெக்ஸிடமே தங்கியிருக்கும். இங்கேதான் எனக்குப் பிடித்த கற்பனை. சென்னை விழுந்ததும் ஆங்கிலேயர் தலைமையிடத்தைக் கடலூரில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாற்றினார்கள். சென்னை திரும்பக் கிடைத்த பிறகும் 1752 வரை அங்கேதான் தலைமையிடம். சென்னை கிடைக்காமலே போயிருந்தால் அது அங்கேயே வேர்விட்டிருக்கும். ஹைகோர்ட்டு கடலூரில். தலைமைச் செயலகம் தேவனாம்பட்டினத்தில். கெடிலம் ஆற்றின்மேல் மின்சார ரயில் போகும். அந்தக் கோட்டையை 1690இல் வாங்கியபோது, பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற பேரில் இன்றைக்கும் அது இருக்கிறது. அந்தக் குண்டு உப்பலவாடியில் ஒரு மனை வாங்க முடியாமல் ஜனங்கள் தவித்திருப்பார்கள். என் அம்மா பிறந்த ஊர் தேவனாம்பட்டினம். வீட்டுப் பின்கட்டில் அம்மா வழித் தாத்தா முருங்கை வைத்திருந்த இடத்தில் என்ன கட்டடம் வந்திருக்கும் என்று நான் நிறைய தடவை யோசித்திருக்கிறேன்.

பிரெஞ்சுச் சென்னை என்றதும் இவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பாரிமுனையில் புதுச்சேரி மாதிரி மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் தெரிந்திருக்கும்போல. அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கடலில் பலம் இங்கிலாந்திடம்தான் இருந்தது. 1761இல் அவர்கள் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்றைக்குப் படம் எடுத்துக்கொள்ளும் தெருக்கள் எல்லாம் அந்த இடிபாட்டுக்கு அப்புறம் கட்டியவை. பிரெஞ்சுச் சென்னைக்கும் அதே கதிதான் வந்திருக்கும். கோட்டைக்கு வெளியே இருந்தவர்களுக்கு யார் ஆண்டாலும் இடி ஒன்றுதான். பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை ஒட்டியிருந்த கறுப்பர் பட்டண வீடுகளை இடித்தார்கள். மறுபடி எதிரி வந்தால் மறைவிடம் ஆகிவிடும் என்று ஆங்கிலேயரும் இடித்தார்கள். இன்றைய ஹைகோர்ட்டு வளாகத்தில் இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயில் 1757இல் போனது. பூக்கடைக்குப் பக்கத்தில் இப்போது இருப்பது அதற்குப் பதிலாக எழுந்தது. அங்கே புதுச்சேரியிலோ, 1748இல் வேதபுரீஸ்வரர் கோயிலைத் துய்ப்ளெக்ஸ் காலத்திலேயே இடித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை அதைத் தம் நாட்குறிப்பில் மனம் வெந்து எழுதியிருக்கிறார். அவர் துய்ப்ளெக்ஸுக்கு அவ்வளவு நெருக்கம். பிறந்த ஊரோ நம் பெரம்பூர். அவராலேயே தடுக்க முடியவில்லை.

"அப்ப யாரையுமே கேக்கலையா?" என்றான்.

கேட்கவில்லை. 1746இலும் கேட்கவில்லை, 1749இலும் கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களை முதன்முதலில் கேட்டது 1954 அக்டோபர் 18இல், கீழூரில். அதுவும் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரை. 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். ஆளாளுக்குக் கேட்டது 1962இல்தான். இருநூறு வருஷக் கதையில் நெல் மண்டிக் கணக்குப்பிள்ளை ஒருவரிடம் "உனக்கு என்ன வேண்டும்?" என்று சரித்திரம் கேட்டது அந்த ஆறு மாதம்தான். அதனாலேயே தாத்தா என்ன செய்தார் என்பது எனக்கு இவ்வளவு முக்கியம்.

அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் ஏழு வயதில் என் அப்பாவும் பிரெஞ்சுக்காரர் ஆகியிருப்பார். பெரியப்பாக்கள் மாதிரி பதினெட்டில் பிளேன் ஏறியிருப்பார். கடலூரில் கடை வேலைக்குப் போயிருக்கமாட்டார், தேவனாம்பட்டினத்தில் பெண் பார்த்திருக்கமாட்டார். வசதி வந்திருக்கும், அதை மறுக்க மாட்டேன். சொல்தா பென்ஷன் வந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இருந்த வித்தியாசத்தைத் தீபாவளிக்குத் தீபாவளி பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் நான் என்று ஒருத்தி இருந்திருக்கமாட்டேன்.

தாத்தா 1999இல் போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்தின வருஷம், திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். மண்டியில் லீவு சொல்லிவிட்டு, கடைசி வாரத்தில் ஒருநாள் சைக்கிளில் புதுச்சேரிப் பட்டணம் வரைக்கும் போனாராம். வரிசையில் நின்றாராம். முன்னால் நாலைந்து பேர்தான் பாக்கி.

"கையெழுத்துப் போட்டா ஊரை விட்டுப் போகச் சொல்லுவாங்கன்னு அப்ப ஒரு பேச்சு. அண்ணன் போட்டாச்சு. ஆத்தா படுக்கையில கெடக்குது. ரெண்டு பேரும் போட்டுட்டு, போன்னு சொல்லிட்டாங்கன்னா, ஆத்தாளுக்குக் கஞ்சி யாரு ஊத்துறது?"

அவ்வளவுதான் சொன்னார். திரும்பி வரும் வழியில் சாரம் பக்கம் சைக்கிள் செயின் கழன்றதாம், மாட்டிவிட்டு வீடு வந்து சேர இருட்டிவிட்டதாம்.

பேரன் இதைக் கேட்டதே இல்லை. அவர்கள் வீட்டில், "சின்னவர் பயந்துட்டார்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்கள். மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தவன், அங்கேயே நின்றபடி தன் அம்மாவுக்குப் போன் போட்டான்.