பல்லக்கின் பக்கத்தில் ஓடிய பையன்

கொல்கத்தா காலேஜ் தெருவில் இருக்கிறது ஹேர் பள்ளி. வங்கமொழியில் பாடம் நடக்கும் ஆண்கள் பள்ளி. பெயருக்குரிய டேவிட் ஹேர் பாதிரியாரும் அல்ல, பண்டிதரும் அல்ல. 1800-இல் ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்த கடிகாரக்காரர்! சம்பாதித்ததைப் பிள்ளைகளின் படிப்புக்கே கொட்டினார்.

இலவச இடம் கேட்டு ஏழைப் பையன்கள் அவருடைய பல்லக்கின் பக்கத்திலேயே ஓடுவார்களாம். பின்னாளில் பெயர்பெற்ற ஆசிரியரான ராம்தனு லாகிரி, நாள்கணக்கில் அப்படி மூச்சிரைக்க ஓடித்தான் இடம் பிடித்தார். விஞ்ஞானிகள் ஜகதீஷ் சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் இங்கே படித்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்த ஓட்டம்தான் பெரிதாகப் படுகிறது.

1842-இல் காலரா ஹேரைக் கொண்டுபோனது. மதப்பற்று இல்லாதவர் என்று கிறிஸ்தவக் கல்லறையில் இடம் மறுத்துவிட்டார்கள். அதனால் என்ன? காலேஜ் சதுக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். கொட்டும் மழையிலும் ஊரே திரண்டு வந்தது.