மீட்டர் சொல்வதும் ரிஜிஸ்டர் சொல்வதும்

துவாக்குடி பக்கம் பாய்லர் குழாய்களின் வெல்டிங்கைக் காமா கதிரால் படம் பிடித்துச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். பதவி ஆர்.எஸ்.ஓ., அதாவது கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர். புதிதாகச் சேரும் பையன்கள் தவறாமல் கேட்பது இது: "சார், சோர்ஸ் காணாமப் போச்சுன்னா என்ன பண்ணணும்?"

சோர்ஸ் என்றால் கதிரை வீசும் கதிரியக்கப் பொருள். பதில் சுலபம். 2004ஆம் ஆண்டு கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள்படி 24 மணி நேரத்துக்குள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். போலீசுக்கும் சொல்லிவிட வேண்டும். ஆனால் போனது நமக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு?

ஆஸ்திரேலியாவில் 2023 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். ஒரு சுரங்கத்திலிருந்து பெர்த்துக்கு லாரியில் போன கருவியில் போல்ட் கழன்று, 8 மி.மீ. நீளமுள்ள கதிரியக்கச் சீசியம் குப்பி வழியில் விழுந்துவிட்டது. பெட்டி 16ஆம் தேதி வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தது 25ஆம் தேதி. அதுவரை காகிதத்தில் எல்லாம் பத்திரம். அப்புறம் 1,400 கி.மீ. சாலையைச் சலித்து பிப்ரவரி 1 அன்று கண்டெடுத்தார்கள். வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன், தேடியவர்கள் கெட்டிக்காரர்கள்.

டெல்லி மாயாபுரியில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் ஒரு காமா செல், அதாவது ஆராய்ச்சிக்காகப் பொருள்களைக் காமா கதிரில் காட்டும் இயந்திரம், இருந்தது. உள்ளே கோபால்ட்-60. வாரியமே 1983இல்தான் பிறந்தது, இயந்திரம் அதற்கும் மூத்தது. 1985க்குப் பிறகு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. 2010 பிப்ரவரியில் பழைய சாமானோடு ஏலத்தில் போய், காயலான் கடையில் உடைபட்டது. ஏப்ரலில் ஒருவர் செத்தே போனார். கோபால்ட்டின் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகக் குறையும் காலம், ஐந்தே கால் வருடம். கணக்குப் போட்டால், 1985இல் இருந்ததில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. அந்த மிச்சம்தான் ஆளைக் கொன்றது.

தினமும் எடுத்து வேலை செய்யும் சோர்ஸ் காணாமல் போனால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஆனால் அந்த ஒரு நாளும் சும்மா போய்விடாது. 1999இல் பெருவில், யனாங்கோ நீர்மின் நிலையத்தில், கழன்று கிடந்த இரிடியம் சோர்ஸை ஒரு வெல்டர் ஏதோ உலோகத் துண்டென்று பேண்ட் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அன்று இரவே வீடு தேடி வந்துவிட்டார்கள். அப்படியும் கால் போய்விட்டது.

இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் பையன்களுக்கு, தினம் மீட்டர் காட்டும் எண்ணை எழுதிவைக்கும் ரிஜிஸ்டரைக் காட்டுவேன். எங்கள் சோர்ஸும் இரிடியம்-192தான். மிளகைவிடச் சின்ன வில்லைகள், சுற்றி இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் கேமரா, அதாவது சோர்ஸை அடைத்து வைக்கும் கருவி. அந்தக் கேமராவின் உள்கவசமே செறிவு குறைந்த யுரேனியம். அதனால் காலிக் கேமராவிடம் கதிரை அளக்கும் சர்வே மீட்டரைக் கொண்டுபோனாலும் முள் கொஞ்சம் அசையும். "மீட்டர் ஆடுது சார், உள்ளதான் இருக்கு" என்று சொல்வது செல்லாது. எவ்வளவு ஆடுகிறது, எவ்வளவு ஆட வேண்டும், இரண்டும் தெரிய வேண்டும்.

இரிடியத்தின் அரை ஆயுள் 74 நாள். தினம் ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும். ஒரே கேமரா, ஒரே இடம், ஒரே தூரம் என்றால் மாதக் கடைசியில் மீட்டர் கால்வாசி இறங்கியிருக்க வேண்டும். ஒரு கம்பெனியில் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றாம் தேதி என்ன எண்ணோ, முப்பதாம் தேதியும் அதே எண். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக. சோர்ஸ் அங்கே பத்திரமாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம். அந்த மாதம் முழுக்க யாரும் மீட்டரை எடுத்துக்கொண்டு பிட் பக்கம், அதாவது சோர்ஸை வைக்கும் குழிப் பக்கம், போகவில்லை, அவ்வளவுதான். நடுவில் ஒரு நாள் சோர்ஸ் போயிருந்தால் ரிஜிஸ்டர் அதே எண்ணைத்தான் சொல்லியிருக்கும்.

இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். "வேலையே இல்லாத நாள்ல எதுக்கு சார் மீட்டர்?" என்று முனகுவார்கள். வேலை இல்லாத நாளில்தான் வேண்டும்.

எங்கள் பிட்டில் இப்போது வீரியம் குறைந்த பழைய சோர்ஸ் ஒன்று கிடக்கிறது. அதைத் தந்த நவி மும்பை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்ப அனுமதி கேட்டு, வாரியத்தின் இணையதளமான இ-லோராவில் விண்ணப்பம் போட்டாயிற்று. அது கிளம்பும்வரை தினம் காலையில் மீட்டரோடு போய்ப் பார்த்து எழுத வேண்டியது பையன்கள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை என்றால் என் பொறுப்பு.