பம்பர் கீறலுக்கு இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் போடலாமா?

போன வாரம் எங்கள் அப்பார்ட்மென்ட் பார்க்கிங் தூணில் காரின் பின்பம்பர் உரசிவிட்டது. ஒரு சாண் நீளத்துக்குக் கீறல், பெயிண்ட் போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் 4,000 ரூபாய் ஆகும் என்றார்கள். "ஜீரோ டெப் எடுத்திருக்கீங்களே சார், க்ளெய்ம் போட்டுடலாம்." ஜீரோ டெப் என்றால், பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் கவர்.

சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டதும் பகீரென்றது. ஜீரோ டெப் இருந்தாலும் 1500 சிசிக்கு உட்பட்ட காருக்கு முதல் 1,000 ரூபாய் நம் கையிலிருந்துதான் போகும். எனக்கு மிஞ்சுவது 3,000. ஆனால் ஐந்து வருடம் க்ளெய்ம் போடாமல் சேர்த்த 50% நோ க்ளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அடுத்த ரினியூவலில் பூஜ்ஜியம்! அது 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-ஐத் தொட ஐந்து வருடம் ஆகும். போனஸ் கழிப்பதற்கு முன் என் ஓன் டேமேஜ் பிரீமியம் (சொந்தக் காரின் சேதத்துக்கான பகுதி, தள்ளுபடி இதில்தான்) 8,000. முதல் வருடமே 4,000 நஷ்டம். பிரீமியம் இப்படியே இருந்தால் அந்த ஐந்து வருடத்தில் மொத்தமாக 10,000.

போனஸைக் காக்கும் ஆட்-ஆன் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. என்னிடம் அது இல்லை.

ஜீரோ டெப்பை நான் குறை சொல்லவில்லை. பம்பரையே மாற்ற நேர்ந்தால், அது இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலை கழித்துவிடுவார்கள். பெரிய அடிக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் இந்தக் கீறலுக்கு யாரும் என்னிடம் இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டவில்லையே என்றுதான் வருத்தம்.

தெருமுனை பெயிண்டரிடம் 2,500-க்குப் பேசி விட்டிருக்கிறேன். நாளை மாலை வண்டி வந்துவிடும்.