பேப்பர் படிச்சே வேவு பாத்தவங்க

சிஐஏன்னு சொன்னா நமக்கு கோட்டு சூட்டு, துப்பாக்கி, ராத்திரி பாலத்துக்கடியில யாரோ யார்கிட்டயோ கவர் குடுக்குறதுன்னு தான் தோணும், சினிமா பாத்து வளந்த புத்தி அப்டி. ஆனா அந்த ஆபீஸுக்குள்ள தினம் வந்து குவிஞ்ச விஷயத்துல பெரும்பங்கு, காசு குடுத்தா யாரு வேணாலும் வாங்கக்கூடிய பேப்பர்லேர்ந்தும், ரேடியோவ திருப்புனா யாருக்கும் கேக்குற செய்திலேர்ந்தும் தான் வந்துச்சு. ரஷ்யன்லயும் சைனீஸ்லயும் வந்ததை உக்காந்து இங்கிலீஷ்ல மாத்துறதுக்குன்னே தனியா ஆபீஸ், தனியா பட்ஜெட், தனியா ஆளுங்க. கொஞ்ச நாளா இதைப் பத்தியே படிச்சிட்டு இருக்கேன், எழுதாம விட்டா மண்டை வெடிச்சிரும்.

அமெரிக்காவுல இது 1941 பிப்ரவரில ஆரம்பிக்குது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒன்றரை லட்சம் டாலர் ஒதுக்கி, வெளிநாட்டு ரேடியோ என்ன பேசுதுன்னு கேட்டு எழுதி மொழிபெயர்க்க ஒரு அமைப்பு போட்டாரு. பின்னாடி எஃப்பிஐஎஸ்னு, அதாவது ஃபாரின் பிராட்காஸ்ட் இன்ஃபர்மேஷன் சர்வீஸ்னு பேரு நிலைச்சது, ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு சிஐஏ கைக்கு போச்சு. அந்த வருஷம் டிசம்பர் 6ஆம் தேதி அவங்க குடுத்த ரிப்போர்ட்ல, ஜப்பான் ரேடியோ பேசுற தொனி திடீர்னு ரொம்ப முறுக்கிக்கிட்டு இருக்குன்னு எழுதியிருக்காங்க. மறுநாள் அமெரிக்காவோட பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்து மேல ஜப்பான் குண்டு போட்டுச்சு. ரிப்போர்ட் சரியா தான் இருந்துச்சு, ஆனா அதை வச்சு யாரும் ஒண்ணும் பண்ண முடியல, நேரமும் இல்ல.

ரேடியோ காத்துல தானா வரும், பேப்பரை போய் வாங்கணும்ல. அதுக்கு அதே டிசம்பர்ல இன்னொரு கமிட்டி. எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் எதிரி நாட்டு பேப்பரும் ஜர்னலும் வேணும், ஆளாளுக்கு தனித்தனியா ஆள் அனுப்பினா அதே பேப்பரை பத்து பேரு வாங்குவாங்க, அதனால ஒரே எடத்துல வாங்கி, மைக்ரோஃபிலிம், அதாவது பக்கத்தை குட்டியாக்கி ஃபிலிம்ல படம் எடுத்து, எல்லாருக்கும் பிரிச்சுக் குடுக்கறதுன்னு ஏற்பாடு. லிஸ்பன்ல ஆளு, ஸ்டாக்ஹோம்ல ஆளு, சீனாவுல சோங்கிங்ல ஜான் ஃபேர்பேங்க்னு பின்னாடி பெரிய சீன வரலாற்று ஆளா ஆனவரு. ஸ்டாக்ஹோம்ல இருந்தது அடெல் கிப்ரேன்னு ஒரு அம்மா, லத்தீன் கிரேக்கம்னு படிச்சவங்க, ஐரோப்பா லைப்ரரிகள்ல பழைய கையெழுத்துப் பிரதிகளை ஃபோட்டோ எடுத்துப் பழகுனவங்க. ஸ்வீடன் நடுநிலை நாடு, ஜெர்மன் பேப்பர் அங்க தாராளமா கிடைக்கும், வாங்கி ஃபிலிம் எடுத்து அனுப்பிட்டே இருந்திருக்காங்க. துப்பாக்கி கிப்பாக்கி எல்லாம் ஒண்ணும் கிடையாது, கேமராவும் பொறுமையும் தான்.

சரி, பேப்பர்ல அப்டி என்ன தான் இருக்கும்னு கேப்பீங்க, எந்த நாட்டு அரசாங்கம் தன் ரகசியத்தை பேப்பர்ல போடும்? போடாது தான். ஆனா போடாம விட்டது தெரியும். சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியோட பேப்பர் பிராவ்தா, அதுல 1953 ஜூன் 28 இதழை எடுத்துக்கோங்க. முந்தின நாள் ராத்திரி மாஸ்கோ போல்ஷாய் தியேட்டர்ல ஒரு ஆபரா, அதாவது பாட்டு நாடகம், தலைவருங்க எல்லாம் போயிருந்தாங்க, இன்னார் இன்னார் வந்தாங்கன்னு ஒரு பட்டியல். நம்ம ஊர்ல கட்சி மாநாட்டு மேடையில யாரு யாரு உக்காந்திருந்தாங்கன்னு வருமே, அந்த மாதிரி யாரும் படிக்காத செய்தி. அந்த பட்டியல்ல லாவ்ரென்டி பெரியான்றவரோட பேரு இல்ல. ஸ்டாலின் செத்தப்புறம் ரெண்டாவது எடத்துல இருந்த ஆளு, ரகசியப் போலீஸ் மொத்தமும் கையில வச்சிருந்தவரு. அவரை ஜூன் 26ஆம் தேதியே அரெஸ்ட் பண்ணிட்டாங்க, ஊருக்கு அறிவிச்சது ஜூலை 10. நடுவுல ரெண்டு வாரம் அந்த சேதி பிராவ்தாவுல ஒரு விட்டுப்போன பேரா மட்டும் தான் இருந்துச்சு.

இப்ப யோசிங்க, அந்த செய்திய ஒரு ட்ரான்ஸ்லேட்டர் கையில குடுத்து, சுருக்கி எழுதுப்பான்னு சொன்னா அவரு என்ன எழுதுவாரு? "நேற்று ஆபரா நிகழ்ச்சியில் சோவியத் தலைவர்கள் கலந்துகொண்டனர்." முடிஞ்சது கதை. இலக்கணப் பிழை ஒண்ணு கிடையாது, ஆனா விஷயம் மொத்தமும் போயிடுச்சு. எதை எடுக்கணும் எதை விடணும்னு முடிவு பண்றது தான் இந்த வேலையோட உசிருன்னு நான் சொல்றது இதுக்கு தான், மொழி தெரியறது எல்லாம் அதுக்கு அடுத்தது.

நானும் கொஞ்ச வருஷம் இதோட ஏழை தம்பி மாதிரி ஒரு வேலை பாத்திருக்கேன். மீடியா மானிட்டரிங். விடியக்காலையில பேப்பர் கட்டு வந்து எறங்கும், தினத்தந்தி, தினமலர், தினமணி, தினகரன், எல்லா எடிஷனும், கிளையன்ட் லிஸ்ட்டை பக்கத்துல வச்சிக்கிட்டு எங்க எவன் பேரு வந்திருக்குன்னு பாத்து கிளிப்பிங் எடுத்து, ரெண்டு வரி இங்கிலீஷ்ல சுருக்கம் எழுதி, பெரிய ஆபீஸருங்க காபி குடிக்கறதுக்குள்ள மெயில் போயிடணும். அப்ப தெரிஞ்சுக்கிட்டது, கிளையன்ட் பேரு இருக்குற செய்திய எவனும் புடிச்சிருவான், பேரே இல்லாம எட்டாம் பக்கத்துல மதுரை எடிஷன்ல மட்டும் ஒரு கலெக்டர் ஆர்டர் வந்திருக்கும் பாருங்க, அது தான் அவங்க பிசினஸையே புரட்டிப் போடும், லிஸ்ட்ல இல்லாததால அதை யாரும் எடுக்க மாட்டாங்க. எங்க டீம்ல ஒரு சீனியர் அக்கா மட்டும் எடுப்பாங்க. எப்டிக்கா கண்டுபுடிக்கிறீங்கன்னு கேட்டா "தினம் படிச்சா தெரியும்டா"ன்னு ஒரே பதில்.

அமெரிக்கக்காரன் கதைக்கு வரேன். 1957 மார்ச்ல ஜேபிஆர்எஸ்னு ஒண்ணு தொறந்தாங்க, ஜாயின்ட் பப்ளிகேஷன்ஸ் ரிசர்ச் சர்வீஸ். வாசல் பேர்ப் பலகையில காமர்ஸ் டிபார்ட்மென்ட், பெரிய கஸ்டமர் சிஐஏ. வேலை, அரசாங்கத்துல எந்த ஏஜென்சிக்கு எது வேணும்னாலும் கட்டுரை, புத்தகம், ஜர்னல்னு மொழிபெயர்த்துக் குடுக்கறது, ஒருத்தர் பண்ணதையே இன்னொருத்தர் திரும்ப பண்ணாம பாத்துக்கறது. அந்த வருஷமே அக்டோபர்ல ரஷ்யாவோட முதல் சேட்டிலைட்டு ஸ்புட்னிக் மேல போச்சு, அமெரிக்கா மொத்தமும் அலறுச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, அந்த சேட்டிலைட்டு எந்த ஃப்ரீக்வென்சில சிக்னல் அனுப்பும்னு, 20, 40 மெகாஹெர்ட்ஸ்னு, ரஷ்யாவுல அமெச்சூர் ரேடியோ பசங்களுக்காக வர்ற ஒரு மாசப் பத்திரிகையில கோடைக்காலத்துலயே போட்டுட்டாங்க. ஒளிச்சு வைக்கல, கடையில வித்துச்சு. அதுக்கப்புறம் தான் சோவியத் சயின்ஸ் ஜர்னலை எல்லாம் மூட்டை மூட்டையா மொழிபெயர்க்க பணம் கொட்டுனாங்க.

ஜேபிஆர்எஸ்ல வேலை பாத்தவங்க பெரும்பாலும் வீட்டுல உக்காந்து வார்த்தைக் கணக்குல காசு வாங்குன ஃப்ரீலான்ஸருங்க. மெஷின் ட்ரான்ஸ்லேஷன், அதாவது கம்ப்யூட்டரே மொழிபெயர்க்கறது, தேறுமான்னு பாக்க அமெரிக்காவுல அல்பாக்னு ஒரு கமிட்டி போட்டாங்க, 1966ல அவங்க குடுத்த ரிப்போர்ட்ல ஒரு கணக்கு வருது. ஜேபிஆர்எஸ் லிஸ்ட்ல ஏறத்தாழ 4,000 ட்ரான்ஸ்லேட்டருங்க இருந்தாங்க, மாசத்துக்கு சராசரியா 300 பேருக்கு தான் வேலை குடுத்தாங்க. அப்ப மொழிபெயர்க்க ஆளே கிடைக்கலைன்னு யாராவது சொன்னா அது சும்மா. அதே ரிப்போர்ட்ல, அரசாங்கம் ஆயிரம் வார்த்தைக்கு 9 டாலர்லேர்ந்து 66 டாலர் வரைக்கும் குடுத்துட்டு இருந்துச்சுன்னும் இருக்கு. 66 வாங்குன புண்ணியவான் யாரோ! அதோட நிக்காம, உண்மையில மொழிபெயர்ப்பு பத்தலைன்றது பிரச்சனையே இல்ல, யாருக்கும் தேவைப்படாதது கூட மொழிபெயர்க்கப்படுதோன்னு சந்தேகமா இருக்குன்ற தினுசுலயும் எழுதிட்டாங்க. அந்த ரிப்போர்ட்டு வந்தப்புறம் மெஷின் ஆராய்ச்சிக்கு காசு வத்திப்போச்சுன்றது வேற கதை.

ஜேபிஆர்எஸ், எஃப்பிஐஎஸ் ரிப்போர்ட்டு ஸ்கேன் எடுத்தது இன்னைக்கும் நெட்ல கிடைக்குது. எனக்கு அதுல புடிச்சதே முன்னாடி வர்ற ஒரு சின்ன நோட்டு தான். ஒவ்வொரு செய்திக்கும் முதல் வரியில சதுர அடைப்புக்குறிக்குள்ள டெக்ஸ்ட்னு இருந்தா முழுசா மொழிபெயர்த்தது, எக்ஸர்ப்ட்னு இருந்தா ஒரு பகுதி, ஒண்ணுமே போடலைன்னா சுருக்குனது இல்ல பிச்சு எடுத்தது. பேருக்கு முன்னாடி கேள்விக்குறி போட்டிருந்தா மூலத்துல தெளிவா இல்ல, நாங்களா ஊகிச்சு போட்டதுன்னு அர்த்தம். கடைசியில, இதுல இருக்கற கருத்துக்கும் அமெரிக்க அரசாங்கத்துக்கும் சம்பந்தம் கிடையாதுன்னு ஒரு கும்பிடு. எது மூலம், எது நம்ம கை வச்சதுன்னு இவ்ளோ நேர்மையா பிரிச்சு காட்டுனதை நான் வேலை பாத்த எடத்துல எல்லாம் பாத்ததே இல்ல.

சீனா விஷயத்துல யாரு எதை மொழிபெயர்க்கறதுன்னு பங்கு பிரிச்சுக்கிட்டது இன்னும் சுவாரசியம். பீக்கிங்ல, அதாவது இன்னைக்கு பெய்ஜிங்ல, அப்ப அமெரிக்க எம்பசி இல்ல, அதனால ஹாங்காங் கான்சுலேட்ல உக்காந்து 1950லேர்ந்து சீனக் கம்யூனிஸ்ட் கட்சியோட மக்கள் தினசரி மாதிரி பேப்பர்களை மொழிபெயர்த்து தொகுப்பு தொகுப்பா போட்டாங்க. ரேடியோ எஃப்பிஐஎஸ் பங்கு, மத்த ஜர்னல் புத்தகம் எல்லாம் ஜேபிஆர்எஸ் பங்கு. சீனாவுல மாகாணப் பேப்பரை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு தடை இருந்துச்சு, அதனால எல்லை தாண்டி சாமான் பொட்டலம் கட்டி வந்த பேப்பரை கூட பிரிச்சு நீவி படிச்சாங்கன்னு சொல்லுவாங்க. உலகத்துல பாதி சீன ஆராய்ச்சியாளருங்க இந்த தொகுப்புகளை நம்பி தான் டாக்டர் பட்டம் வாங்குனாங்க. அவங்க படிச்சது சீனா எழுதுனதுல ஒரு ஏஜென்சிக்கு தேவைப்பட்ட பகுதிய மட்டும் தான்றது எத்தனை பேருக்கு உறைச்சுதோ.

நாடு விட்டு நாடும் பங்கு போட்டாங்க. பிபிசி மானிட்டரிங்னு இங்கிலாந்துல 1939லயே ஆரம்பிச்சாச்சு, 1943லேர்ந்து ரெடிங் பக்கத்துல கேவர்ஷாம் பார்க் மாளிகையில. போர் முடிஞ்சதும் அமெரிக்காவும் பிபிசியும் உலகத்தை ரெண்டா பிரிச்சு, நீ இதைக் கேளு நான் அதைக் கேக்கறேன், ரெண்டு பேரும் மாத்திக்கலாம்னு ஒப்பந்தம், எஃப்பிஐஎஸ் ஆளுங்க கேவர்ஷாம்லயே உக்காந்திருந்தாங்க. இது எவ்ளோ முக்கியம்னு 1962 அக்டோபர் 28 ஞாயித்துக்கிழமை தெரிஞ்சது. கியூபாவுல சோவியத் அணு ஏவுகணை வச்சதால வந்த நெருக்கடி உச்சத்துல இருக்கு. ரெண்டு நாள் முன்னாடி சோவியத் தலைவர் குருஷேவ் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு அனுப்புன லெட்டர் எம்பசி, தந்தி, மொழிபெயர்ப்புன்னு சுத்தி வர ஏறக்குறைய 12 மணி நேரம் ஆச்சு. அணுகுண்டு விஷயத்துல 12 மணி நேரம்! அதனால ஏவுகணைய எடுத்துடறோம்ன்ற பதிலை குருஷேவ் நேரா மாஸ்கோ ரேடியோவுலயே படிக்க வச்சுட்டாரு. வாஷிங்டன்ல காலை ஒம்பது மணி. மானிட்டருங்க கேட்டு, கேக்க கேக்க மொழிபெயர்த்து, துண்டு துண்டா அனுப்ப, எம்பசி வழியா முறைப்படி லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே கென்னடிக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு. அடுத்த வருஷம் ரெண்டு தலைநகருக்கும் நடுவுல நேரடி ஹாட்லைன் போட்டாங்க.

நம்ம ஊருக்கும் இது புதுசு இல்ல. மெட்ராஸ் ராஜதானியில வெள்ளைக்கார அரசாங்கம் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், உருதுன்னு எல்லா பத்திரிகையும் ஆள் வச்சு படிச்சு இங்கிலீஷ்ல சுருக்கி ரகசிய ரிப்போர்ட்டா போட்டுட்டே இருந்துச்சு. சுதேசமித்திரன் என்ன எழுதுச்சுன்னு தமிழ் தெரியாத துரைக்கு அப்டித்தான் தெரியும். பாரதி நடத்துன 'இந்தியா' மேல 1908ல கேஸ் வந்தப்ப கோர்ட்டுல வச்சதும் கட்டுரைகளோட மொழிபெயர்ப்பு தான், பத்திரிகைக்கு சட்டப்படி பொறுப்பாளியா இருந்த சீனிவாசன் ஜெயிலுக்கு போனாரு, பாரதி புதுச்சேரிக்கு போயிட்டாரு. அங்கேர்ந்து 'இந்தியா' திரும்ப வர ஆரம்பிச்சதும் அது பிரெஞ்சுக்காரன் மண்ணுல அச்சடிச்ச வெளிநாட்டு பேப்பர் ஆயிடுச்சு, இங்க கொண்டு வரக் கூடாதுன்னு தடை வேற. அந்த ரிப்போர்ட்டுங்க எழும்பூர் ஆவணக் காப்பகத்துல இருக்கு. மூலப் பத்திரிகையே கிடைக்காம போன எடத்துல, அரசாங்க ட்ரான்ஸ்லேட்டர் ஆபத்துன்னு நெனச்சு எடுத்த அந்த நாலு வரி மட்டும் மிச்சம். சமையல் குறிப்பு, விளம்பரம், ஊர் சண்டை எல்லாம் அவருக்கு தேவையில்ல, விட்டுட்டாரு. அதனால அந்தக் காலத்து தமிழ்ப் பத்திரிகை எல்லாமே எந்நேரமும் அரசியல் தான் பேசுச்சுன்னு நமக்கு ஒரு பிரமை.

எஃப்பிஐஎஸ் 2005ல ஓப்பன் சோர்ஸ் சென்டர்னு பேரு மாறுச்சு. அவங்க மொழிபெயர்ப்புல ஒரு பகுதி வேர்ல்ட் நியூஸ் கனெக்ஷன்னு சந்தா கட்டுன லைப்ரரிகளுக்கு கிடைச்சிட்டு இருந்துச்சு, 2013 டிசம்பர் 31ஓட அதையும் மூடிட்டாங்க. வெளிய இருக்கறவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சு பெரிய நஷ்டம், கூகுள் ட்ரான்ஸ்லேட் இருக்கேன்னு சொல்றவங்க எட்டாம் பக்கத்து செய்திய தேடிப் பாத்தது இல்ல. பழசு வேணும்னா அமெரிக்க ராணுவத்தோட ஆவணக் களஞ்சியம் டிடிஐசி சைட்ல ஜேபிஆர்எஸ்னு அடிச்சுப் பாருங்க, சோவியத் விவசாயம், சீன ரயில்வே, வியட்நாம் பேப்பர்னு கொட்டிக் கெடக்கு, ஸ்கேன் சில எடத்துல மங்கல், ஃபைலும் பெருசு, வைஃபைல எறக்குங்க.